நாற்பத்தொன்றுக்கு எத்தனை கால்?

மார்ச் 3, திங்கள்

கூட்டத்தில் இருந்தவர்கள்: மேடம், மகள், கண்ணாடி, பொம்மலாட்டம், நான். ஆக ஐந்து பேர். நான் டீ கொடுக்கப் போனவள்தான், கூட்டத்தில் சேர்த்தியில்லை. ஆனால் இருந்தேன், அதனால் எழுதுகிறேன்.

வீடியோ கேம் செய்யும் இவர்களுக்குத் தனியாக ஆபீஸ் கிடையாது. எங்கள் முன்னறைதான் ஆபீஸ். மகள் வரைகிறாள். கண்ணாடி புரோகிராம் எழுதுகிறான். வரைந்ததை நடக்கவும் ஓடவும் வைக்கிறவன் பொம்மலாட்டம். பெயரெல்லாம் நான் வைத்ததுதான், அவர்களுக்கும் தெரியும். மேடம் எல்லாருக்கும் மேலே.

விளையாட்டு இதுதான். ஒரு ஊரின் தெருக்களில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். விநோதமான உயிர்கள் எதிரே வரும். அவற்றைச் சின்னச் சிமிழில் பிடித்து அடைத்து, வளர்த்து, சண்டைக்கு விட வேண்டும். மொத்தம் அறுபது உயிர்கள்.

இன்றைய சண்டை, அந்த உயிர்கள் மனுஷ சாயலில் இருக்கலாமா, மிருக சாயலில்தான் இருக்க வேண்டுமா என்பது.

கண்ணாடி சொன்னான்: "மனுஷ முகத்தை வச்சுட்டு, பிடிச்சு அடைன்னா யாருக்கு மனசு வரும்? மிருகம்னாதான் கை போகும்."

பொம்மலாட்டம்: "நீ எங்க பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்ததில்லை. அவருக்கு ஒரு சிமிழ் பத்தாது."

மேடம் மூன்று கேள்விகளைச் சுவரில் எழுதி ஒட்டினார். துணி உடுத்துமா? பேசுமா? கண்ணில் வெள்ளை தெரியுமா? இரண்டுக்கு ஆமாம் என்றால் அது மனுஷப் பக்கம். அடைக்கக் கூடாது, சிநேகம் மட்டும் பிடிக்கலாம். கண்ணில் வெள்ளை எதற்கு என்று கேட்டேன். "வெள்ளை தெரிஞ்சா அது எங்க பாக்குதுன்னு தெரியும்மா. எங்க பாக்குதுன்னு தெரிஞ்சா, என்ன நினைக்குதுன்னு யோசிப்போம். அப்புறம் மூடியைத் திருக வராது."

மிருகத்துக்கு முட்டி பின்பக்கம் மடங்கும் என்று பொம்மலாட்டம் வரைந்து காட்டினான். அது முட்டி இல்லை, குதிகால் என்றேன். ஆட்டுக்கால் கழுவிய கைக்குத் தெரியாதா? முட்டி மேலே வயிற்றோடு ஒட்டி இருக்கிறது, நம்மைப் போலவே முன்னால்தான் மடங்குகிறது.  "உங்கம்மா ஆறாம் வகுப்போட நின்னவங்கன்னு சொன்னே?" என்று மேடம் மகளைக் கேட்டார்.

எந்தப் படம் பழையது, எது புதியது என்று இவர்களுக்கே குழப்பம். பதிவேடு ஒன்று போட்டுத் தரச் சொன்னார்கள். ஒத்துக்கொண்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

காலைப் பிரார்த்தனைக்குப் பிறகு உட்கார்ந்து கோடு போட்டேன். எண், பெயர், கால், துணி, பேச்சு, கண் வெள்ளை, நிற்கும் விதம். பதினேழு வரை ஏறியது. பதினேழு மீசை வைத்த பூசணிக்காய். காலே இல்லை, கண்ணில் வெள்ளை உண்டு. அடைக்கலாமா? கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

நாற்பது வரை சிரமம் இல்லை.

நாற்பத்தொன்று நாய் சாயல். சாம்பல் நிறம், நீளமான கழுத்து. தெருவில் வீடு வீடாகப் போய்க் கதவருகே நிற்கும். துணி இல்லை. பேச்சு இல்லை. கண் முழுக்கக் கறுப்பு. மூன்று கேள்விக்கும் இல்லை, ஆகவே மிருகம், அடைக்கலாம்.

நடக்கும்போது நாலு கால். கதவருகே மட்டும் பின்னங்காலில் எழுந்து நிற்கும். வலது பாதத்தை இடது பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு.

"ஏன்டி கால் மேல கால்?"

"தெரியலைம்மா. அது அப்படித்தான் நிக்கும்."

நிற்கும் விதம் என்ற கட்டத்தில் எழுதினேன். எழுதிவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று அங்கே போய் நின்ற பிறகு ஞாபகம் வரவில்லை.

மார்ச் 12, புதன்

பிரார்த்தனையில் இரண்டு தரம் ஜப எண்ணிக்கை விட்டுப்போனது. முதலிலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாம் தரமும் விட்டது.

மார்ச் 14, வெள்ளி

மதியம் பன்னிரண்டரை. அடுப்படியில் இருந்தேன். கதவு தட்டும் சத்தம். மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் ஒரே ஒரு தட்டு.

கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்றுதான் எழுத வேண்டும். தாழ்ப்பாளைத் திறந்தேன். யாரும் இல்லை. வெயில் மட்டும்.

முன்னறையில் ஒரே சிரிப்பு. "அம்மா, அது கேம்ல! நம்ம நாற்பத்தொன்னு!" பொம்மலாட்டத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நிஜம் போல வந்துவிட்டதாம். அவன் முதலில் பிறாண்டும் சத்தம்தான் போட்டிருக்கிறான். மகள் மாற்றச் சொல்லியிருக்கிறாள்.

"நாய் பிறாண்டும், தட்டாதுன்னு சொன்னேன்மா. கேக்க மாட்டேங்குறா."

"இது தட்டும்," என்றாள் மகள். "மூணு. அப்புறம் ஒண்ணு."

கதவைச் சாத்தக் கை வரவில்லை. திறந்தே போட்டேன். கொசு வருதும்மா என்று அவள்தான் வந்து சாத்தினாள்.

அவளுக்கு அன்று வயது ஆறு. ஆறு வயதில் என்ன ஞாபகம் இருக்கும்?

மார்ச் 16, ஞாயிறு

வீட்டில் நான் மட்டும். இருபத்தொரு வருஷமாக எந்த நோட்டிலும் எழுதாததை எழுதப் போகிறேன். வாங்கிய உப்பைக்கூடத் தேதி போட்டு எழுதுகிறவள் நான். இதை எழுதவில்லை. தினமும் ஆண்டவனிடம் என் குற்றங்களை வரிசையாகச் சொல்கிறேன். அந்த வரிசையிலும் இது வந்ததில்லை. அவருக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் சொன்னதில்லை.

பழைய வீடு. மதியம் இரண்டு மணி. நாலு மணிக்கு நாத்தனாருக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. என் வீட்டுக்காரர் வேலையில் இருந்தார், நாலு மணிக்குள் வந்துவிடுவார். வீட்டில் நானும் குழந்தையும்.

கதவு தட்டியது. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். என் தங்கச்சி. கையில் ஒரு பை. புருஷன் வீட்டைவிட்டு வந்துவிட்டாள் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. கால் மேல் கால் வைத்து நின்றாள். கன்னத்தில் காயம் இருந்தது. இருந்ததா? இருந்தது. எழுதுகிறேன் என்றால் முழுசாக எழுத வேண்டும்.

இவளை உள்ளே விட்டால் நாலு மணிக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள். அண்ணியின் தங்கை வாழாமல் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றால் சம்பந்தம் என்ன ஆகும்? அவர்கள் போன பிறகு திறக்கலாம். இரண்டு மணி நேரம்தானே, பக்கத்தில் எங்காவது இருப்பாள். அப்படித்தான் நினைத்தேன். தாழ்ப்பாளில் கை வைத்தபடியே நினைத்தேன்.

மூன்று தரம் தட்டினாள். "அக்கா, நான்தான்" என்றாள், மெதுவாக.

குழந்தை ஓடி வந்தது. "யாரும்மா?"

"யாருமில்ல. நாய். உள்ள போ."

மெதுவாகச் சொல்லவில்லை. வெளியே கேட்கும்படிதான் சொன்னேன். அப்போதாவது போவாள் என்று.

சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு தட்டு. அவ்வளவுதான்.

குழந்தை தரையில் படுத்துக் கதவுக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் அப்புறம்தான் கவனித்தேன். இழுத்துக்கொண்டு போனேன். சாயந்திரம் கேட்டாள், "நாய்க்கு விரல் இருக்குமாம்மா?" இருக்கும் என்றேன்.

ஆறு மணிக்கு வந்தவர்களை அனுப்பிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். படியில் யாரும் இல்லை. சம்பந்தம் பேசி முடிந்திருந்தது.

அவர் இருந்தவரை வருஷத்துக்கு ஒரு முறையாவது தனியாகக் கேட்பார், உன் தங்கச்சி ஏன் வர்றதேயில்லை என்று. அவளுக்குத் திமிர் என்பேன். அவர் வீட்டில் இருந்திருந்தால் திறந்திருப்பார். அவர் வேண்டாம் என்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் பொய்.

மார்ச் 17, திங்கள்

நேற்று எழுதிய பக்கங்களைப் பசை போட்டு ஒட்டிவிடலாமா என்று யோசித்தேன். ஒட்டவில்லை.

மார்ச் 21, வெள்ளி

கூட்டத்தில் அதே ஐந்து பேர்.

வெளியாட்கள் முப்பது பேரிடம் விளையாடக் கொடுத்திருந்தார்கள். இருபத்தாறு பேர் நாற்பத்தொன்றைப் பிடிக்கவேயில்லை. ஒருவர் எழுதியதை மேடம் வாசித்தார்: "சிமிழை எடுத்தேன். அது என்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது. வேறு தெருவுக்குப் போய்விட்டேன்."

"ஒன்பதாம் நம்பரைப் பாருங்க," என்றார் மேடம். "தொப்பி, கோட்டு, கண்ணுல வெள்ளை. அப்படியே குட்டி மனுஷன். சும்மா விளையாடிப் பாக்கட்டும்னு பூட்டாமத்தான் விட்டோம், முப்பது பேரும் யோசிக்காம பிடிச்சு அடைச்சிருக்காங்க. இதுக்கு மூக்கு நாய், வாய் நாய், வால் நாய். இதைத் தொட மாட்டேங்குறாங்க. என்னதான் வரைஞ்சு வச்சிருக்கே?"

"மூணு கேள்வியும் பாஸ்தானே மேடம்," என்றாள் மகள்.

"அதான் பயமா இருக்கு. ஒண்ணு முழுசா நாயாக்கு. இல்ல முழுசா ஆளாக்கு. அடுத்த வெள்ளிக்குள்ள."

எல்லாரும் போன பிறகு மகள் அடுப்படிக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். சின்னப்பிள்ளை மாதிரி கேட்டாள்.

"அம்மா, பழைய வீட்டுல ஒரு நாய் வந்துச்சே, கதவைத் தட்டிட்டு... ஞாபகம் இருக்கா? நான் அடியில பாத்தேன், கால் மட்டும்தான் தெரிஞ்சது. அந்தக் காலை வச்சுத்தான் வரைஞ்சிட்டே இருக்கேன், சின்ன வயசுலருந்து. மீதி உடம்பு வரவே மாட்டேங்குது. நீ ஜன்னல்ல பாத்தேல்ல? எப்படி இருந்துச்சு?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது.

"பழுப்பு நிறம்," என்றேன். "ஒரு காது கிழிஞ்சிருந்துச்சு. வால் சுருண்டிருக்கும்."

"நாலு கால்லயா நின்னுச்சு?"

"நாய் வேற எப்படிடி நிக்கும்?"

எலும்பில்லாத நாக்கு. எத்தனை லேசாகப் புரண்டது. இல்லாத நாய்க்குக் காதைக்கூடக் கிழித்துவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

நாற்பத்தொன்று, புதியது. பழுப்பு. கிழிந்த காது. சுருண்ட வால். நாலு காலில் நின்று கதவைப் பிறாண்டும்.

பழைய வரியை அடித்துவிட்டுப் புதியதை எழுதினேன். என் பதிவேட்டில் இதுவரை அடித்தல் கிடையாது. பேனா அழுந்தி மறுபக்கம் வரை தெரிகிறது.

மார்ச் 28, வெள்ளி

முப்பதில் இருபத்தொன்பது பேர் பிடித்துவிட்டார்கள். மீதி ஒருவருக்கு விளையாடவே தெரியவில்லையாம். கண்ணாடி இனிப்பு வாங்கி வந்தான். "அம்மா கைராசி!" என்று பொம்மலாட்டம் என்னிடம் முதல் துண்டை நீட்டினான். பூஜை அலமாரியில் வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். வைக்கவில்லை.

மகள் சிரித்தாள். கண்ணில் சிரிப்பு இல்லை.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா எனக்கு இதைத் தெரியவே தெரியாது. நீ பாத்தவ, நீ சொன்னா சரிதான். அப்ப நான் பாத்த காலு? ரெண்டு காலும்மா. விரலெல்லாம் தெரிஞ்சது. என் தலைக்குள்ளதான் ஏதோ கோளாறு, இல்ல?"

சின்ன வயசு, கற்பனையா இருக்கும் என்றேன். மூன்றாவது பொய்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கேஸை அணைத்தோமா என்று மகள் மூன்று தரம் வந்து பார்த்தாள். பழைய வீட்டில் கடிகாரம் வாசலுக்கு நேரே இருந்ததா, பக்கத்தில் இருந்ததா என்று கேட்டாள். அப்பா சைக்கிளில் கூட்டிப் போனது நிஜமா என்று கேட்டாள். எல்லாம் நிஜம்டி என்றேன். "எல்லாமா?" என்றாள்.

நேற்றிலிருந்து ஒரு உயிரும் வரையவில்லை. போட்டோவை வைத்துப் பார்த்துப் பார்த்து நகல் எடுக்கிறாள். நினைவிலிருந்து வரைந்தால் தப்பாகிவிடுகிறதாம். குப்பைக்கூடையில் பழைய ஸ்கெட்ச் புத்தகம் நாலு கிடந்தது. எடுத்துப் பிரித்தேன். பள்ளிக்கூட நாளிலிருந்து அதே பாதங்கள். பக்கம் பக்கமாக. பூனைக்கு, பறவைக்கு, பெயரில்லாத எதற்கெல்லாமோ அந்த இரண்டு பாதங்கள். ஒன்றின் மேல் ஒன்று.

மிருகம் என்று சொல்லிவிட்டால் அடைக்கலாம். கண்ணாடி அன்று சொன்னது சரிதான். நான் வெளியே வைத்து அடைத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆண்டவனே, நான் என் தங்கச்சியை இழந்தது போதாதா? இவள் தன் கண்ணையே நம்பாமல் போகிறாளே. வரைகிறவளுக்கு அது போனால் என்ன மிச்சம்?

ஏப்ரல் 4, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மதியம். கண்ணாடியும் பொம்மலாட்டமும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஸ்கெட்ச் புத்தகம் நாலையும் மேஜையில் வைத்தேன்.

"இதை எதுக்கு எடுத்தே?"

"நீ பாத்தது சரி. அது நாய் இல்ல. உன் சித்தி."

"எந்தச் சித்தி?"

எந்தச் சித்தி என்று கேட்டாள். தங்கச்சியை நான் அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்கிறேன்.

மார்ச் 16 அன்று எழுதிய எல்லாவற்றையும் சொன்னேன், நாலு மணி, சம்பந்தம், பை, கன்னம் எல்லாம். எழுதாததையும் சொன்னேன்.

"அவ காலுல செருப்பு இல்ல. ரெண்டு மணி வெயில், படி கொதிக்கும். ஒரு காலைத் தரையில வச்சு, இன்னொன்னை அதுமேல வச்சு, மாத்தி மாத்தி நின்னா. அதான்டி நீ பாத்தது. அவளுக்குக் கால் சுட்டுச்சு."

மகள் புத்தகத்தைத் திறந்தாள். ஒரு பக்கம். இன்னொரு பக்கம். விரலால் அந்தப் பாதத்தைத் தொட்டாள்.

"நாய்னு சொன்னது அவங்களுக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டுச்சு. கேக்கத்தான் சொன்னேன்."

"அப்புறமும் ஒரு தட்டு தட்டினாங்க."

"ஆமா."

புத்தகத்தை மூடினாள். கடைசியில் கேட்டாள்: "அப்ப கிழிஞ்ச காது?"

"பொய்."

"இது?"

"இது நிஜம்."

"எப்படிம்மா நம்பறது?" கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்பது போலக் கேட்டாள்.



ஏப்ரல் 5, சனி

மகள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்திருந்தாள். நான் இருக்கும்போது அப்படிச் செய்கிறவள் இல்லை.

ஏப்ரல் 9, புதன்

கூட்டத்தில் ஐந்து பேர். நாற்பத்தொன்றை எடுத்துவிட வேண்டும் என்றாள் மகள்.

மேடத்துக்குப் புரியவில்லை. "இப்பதானே எல்லாரும் பிடிக்கிறாங்க?"

"அதான் மேடம். எடுத்துடலாம். பழசும் வேண்டாம், புதுசும் வேண்டாம்."

"காரணம் சொல்லு."

"அது எங்க வீட்டு ஆள்."

"நாயா?" என்றான் கண்ணாடி.

"இல்ல," என்றாள்.

பொம்மலாட்டம் ஏதோ ஜோக் அடிக்க வாயெடுத்தவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். கடைசியில் மேடம், அறுபதுக்கு ஒன்று குறைந்தால் குடி முழுகாது, ஆனால் எண்களை மாற்றி அடுக்க நேரமில்லை என்றார். ஆகவே நாற்பதுக்கு அப்புறம் நாற்பத்திரண்டு. பதிவேட்டில் ஏற்கெனவே அடித்த வரியையும் சேர்த்து இரண்டையும் ஸ்கேல் வைத்து அடித்தேன். பக்கத்தில் காரணம் என்று என்ன எழுதுவது என்று மேடத்தைக் கேட்டேன். "காலியா விடுங்கம்மா," என்றார்.

சாயந்திரம் மகள் ஒரு சீட்டைக் கொண்டுவந்து வைத்தாள். என் பெரியம்மா மகனைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். தங்கச்சி இருக்கிறாள். ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை. போன் நம்பர் இல்லை, விலாசம் மட்டும்.

"நான் எழுதட்டுமா, நீ எழுதறியா?"

நான் எழுதுகிறேன் என்றேன்.

ஏப்ரல் 12, சனி

நாலு தாள் கிழித்த பிறகு வந்தது. இன்று பதிவுத் தபாலில் அனுப்பினேன். நகல் இங்கே:

தங்கச்சிக்கு, அக்கா எழுதுவது.

நீ வந்த அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். ஜன்னலில் உன்னைப் பார்த்தேன். திறக்கவில்லை. குழந்தையிடம் நான் சொன்ன சொல் உன் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். தவறி வந்த சொல் இல்லை. தெரிந்தே சொன்னேன்.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. கேட்டால், கொடுக்கிறாயா இல்லையா என்ற பாரத்தையும் உன் தலையில் வைப்பதாகிவிடும். அவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. நீ வந்தது அவருக்குக் கடைசிவரை தெரியாது. அவர்மேல் உனக்கு மனத்தாங்கல் இருந்தால் அதை எடுத்து என்மேல் வை.

எழுதுவது மகளுக்காக. அன்று அவள் கதவுக்கு அடியில் உன் கால்களைப் பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷமும் அதைச் சரியாக ஞாபகம் வைத்திருந்தாள். நான்தான் இல்லை இல்லை என்று சொல்லி அவளைத் தன் மேலேயே சந்தேகப்பட வைத்துவிட்டேன். இப்போது உண்மையைச் சொன்னேன். ஆனால் சொன்னது நான் என்பதால் அவளால் நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. வரைவதை நிறுத்தி இன்றோடு பதின்மூன்று நாள்.

நீ இங்கே வர வேண்டாம். என்னோடு பேச வேண்டாம். நான் வரட்டுமா என்றும் கேட்கவில்லை. அன்று வாசலில் நின்றது நீதான் என்று அவள் பெயருக்கு ஒரு வரி எழுதிப் போடு. விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது.

பதில் சீக்கிரம் வேண்டும்.